குறைந்த பட்ஜெட்டில் டிஸ்க் பிரேக் ஏரோ சக்கரம்: பார்த்து வாங்க முழுமையான வழிகாட்டி

ரோடு பைக்கோடு சேர்ந்து வரும் அலுமினியச் சக்கர ஜோடி பெரும்பாலும் 1,800 முதல் 2,100 கிராம் வரை எடை இருக்கும். காற்று எதிர்ப்பைக் குறைக்கும் 'ஏரோ' வகை, அதாவது 50 மி.மீ. உயர ரிம் கொண்ட கார்பன் ஜோடி, இன்று 1,400 முதல் 1,600 கிராமுக்குள், நடுத்தர வருமானக்காரரும் யோசித்துப் பார்க்கும் விலையில் கிடைக்கிறது. இதற்கு டிஸ்க் பிரேக்கும் ஒரு காரணம். ரிம் பிரேக் காலத்தில், நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் கட்டையின் சூடு ஏறி மலிவான கார்பன் ரிம்மின் ரெசின் இளகிவிடும். ரிம் உப்பிப் பிளந்த படங்கள் அப்போது நிறையவே சுற்றின. டிஸ்க்கில் அந்தச் சூடு, ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) மாட்டிய ரோட்டர் என்ற உலோகத் தட்டோடு போய்விடுகிறது. எனவே இன்று மலிவு விலை ஜோடியில் ரிம் ஓரளவு நன்றாகவே இருக்கும். தொல்லை கொடுப்பவை ஹப், ஸ்போக் இறுக்கம், டயர் பொருத்தம் ஆகிய மூன்றும்தான். விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரங்களும் இவைதான்.

முதலில் கணக்கு

தாழ்வான சாதாரண ரிம்மிலிருந்து 50 மி.மீ. ரிம்முக்கு மாறினால், மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் சுமார் 5 முதல் 10 வாட் மிச்சமாகும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறுவதால், 30 கி.மீ. வேகத்தில் அதே மிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, அதாவது ஒன்றரை முதல் மூன்று வாட்டாகச் சுருங்கிவிடும். தடிமனான பயிற்சி டயரைக் கழற்றிவிட்டு நல்ல ரேஸ் டயர் ஒரு ஜோடி போட்டாலே, அந்த 30 கி.மீ. வேகத்தில் இரண்டுக்கும் சேர்த்து 10 வாட்டுக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். ஆகவே இன்னும் பைக்கோடு வந்த கம்பி பீட் (ரிம்மில் பற்றும் விளிம்பு) டயரில் ஓட்டுகிறவர் முதலில் டயரை மாற்றட்டும். சக்கரம் அடுத்த வருடம் வந்தால் போதும்.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டுபவரும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ, புதுச் சக்கரத்தில் 400 கிராம் குறைகிறது என்றால், அது மொத்தத்தில் அரை சதவீதம். ஒரு மணி நேர மலையேற்றத்தில் 18 வினாடி. 1,500 கிராம் ஜோடிக்கும் 1,350 கிராம் ஜோடிக்கும் நடுவே விலை எகிறுகிறதே, அந்த 150 கிராமுக்கு என்ன கிடைக்கும் என்பதை இதை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பட்ஜெட்டைச் சக்கரத்தின் விலையோடு நிறுத்தாதீர்கள். இரண்டு டயர், ரிம் டேப், நீள வால்வு, டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் அல்லது மெல்லிய பிளாஸ்டிக்காலான டிபியு டியூப், தேவைப்பட்டால் ரோட்டரும் அதை இறுக்கும் லாக்ரிங்கும், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் கூரியர்காரரின் கட்டணமும் உண்டு. கையில் உள்ள பணத்தில் கால் பங்கை இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குச் சக்கரம் தேடுவதே சரி.

பைக்கில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டியவை

ஆர்டர் போடும் முன் நான்கு விவரம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

முதலாவது ஆக்ஸில். இன்றைய டிஸ்க் ரோடு பைக்குகளில் முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ. த்ரூ ஆக்ஸில், அதாவது ஃபிரேமில் திருகும் தடித்த அச்சுதான் வழக்கம். பழைய டிஸ்க் பைக் சிலவற்றில் லீவரால் கழற்றும் மெல்லிய குயிக் ரிலீஸ் அச்சு இருக்கும். பின்னால் 135 மி.மீ. இடைவெளி. அதற்குத் தகுந்த எண்ட் கேப் (ஹப்பின் ஓர மூடி) கிடைக்குமா என்று கேட்காமல் வாங்கினால் சக்கரம் சுவரில் தொங்கும்.

இரண்டாவது ஃப்ரீஹப், அதாவது பின் ஹப்பில் கேசட் (பல்சக்கர அடுக்கு) ஏறும் பாகம். ஷிமானோ 11 வேகக் கேசட்டுக்கு எச்ஜி 11 வேக பாடி வேண்டும். 105, அல்டெக்ரா, டியூரா ஏஸ் வரிசைகளின் 12 வேக ரோடு கேசட்டுகளும் அதே பாடியில் ஏறும். 12 வேகம் என்றதும் வேறு பாடி தேடி ஓட வேண்டியதில்லை. ஸ்ராம் ரைவல், ஃபோர்ஸ் ஏஎக்ஸ்எஸ் குழுக்களின் 10 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் பாடி தேவை. விற்பவர் எக்ஸ்டி என்று மட்டும் எழுதியிருந்தால் உஷார்: அது மலை பைக்குக்கானது, எக்ஸ்டிஆரைவிட 1.85 மி.மீ. குட்டை. 10 வேகக் கேசட்டை 11 வேக பாடியில் போடுபவர்களுக்கும் அதே 1.85 மி.மீ. வளையம் வேண்டும். போடாவிட்டால் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் லொட லொட என்று ஆடும்.

மூன்றாவது ரோட்டர். நடுவில் ஒரே வளையத்தால் பிடிக்கும் சென்டர் லாக்கா, ஆறு போல்ட்டா? சென்டர் லாக் ஹப்பில் அடாப்டர் போட்டு ஆறு போல்ட் ரோட்டரை மாட்டலாம். ஆறு போல்ட் ஹப்பில் சென்டர் லாக் ரோட்டரை மாட்ட நல்ல வழி கிடையாது. விலை ஒன்றாக இருந்தால் சென்டர் லாக் ஹப்பை எடுங்கள்.

நான்காவது, ஃபிரேமில் டயருக்கு உள்ள இடம். ஃபிரேம் கம்பெனி 28 வரை என்று சொன்னால், அது டயரின் மேல் அச்சடித்த 28 அல்ல, காற்றடித்தபின் அளவுக் காலிப்பரில் அளந்தால் வரும் 28. ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. விரியும். குறுகலான பழைய ரிம்மில் 28 ஆக நின்ற டயர், 23 மி.மீ. உள் அகல ரிம்மில் 29.5-ஐத் தாண்டி செயின்ஸ்டேயை (பின் சக்கரத்தை ஒட்டிய கீழ்க் குழாயை) உரசப் பார்க்கும்.

உயரமும் காற்றும்

45 முதல் 50 மி.மீ. உயரம் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். 60 கிலோவுக்குக் குறைவானவர்கள் முன் சக்கரத்தை 35 முதல் 40-க்குள் வைத்துக்கொள்ளலாம். பக்கக் காற்று வண்டியைத் திருப்புவது முன் சக்கரம் வழியாகத்தான்; பின்னால் 60 இருந்தாலும் கையில் அவ்வளவாகத் தெரியாது. முன் 40, பின் 50 என்று கலந்து தரும் விற்பனையாளர்கள் உண்டு. கேட்டால் கூடுதல் கட்டணம் இல்லாமலே தருவார்கள் சிலர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, கடல் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. விடியலில் மாமல்லபுரம் நோக்கிக் கிளம்பும்போது அமைதியாக இருக்கும் சாலை, வெயில் ஏறித் திரும்பி வரும்போது முழுப் பக்கக் காற்றாக மாறியிருக்கும். மதில் சுவர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில்தான் ஹேண்டில்பார் வெடுக்கென்று இழுக்கும். பஸ் முந்திப் போகும்போதும் அதேதான். ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம், அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்றில் ஓட்டுகிறவருக்கு முன்னால் 40-க்கு மேல் வேண்டவே வேண்டாம்.

ரிம்மின் வெட்டு வடிவத்தையும் பாருங்கள். ஸ்போக் பக்கம் கூராக முடியும் பழைய 'வி' வடிவம் காற்றில் திடீரென்று பிடி இழக்கும். மழுங்கலான 'யு' வடிவம் அதே உயரத்தில் நிதானமாக நடந்துகொள்ளும். வெட்டுப் படம் போடாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

பந்தயத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2026 ஜனவரி முதல் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் சாலைப் பந்தயங்களில் கூட்டமாகக் கிளம்பும் போட்டிகளுக்கு ரிம் உயர வரம்பு 65 மி.மீ.

அகலமும் ஹூக்கும்

சிப், பிறகு சில்கா நிறுவனங்கள் வழியாக அறியப்பட்ட ஜோஷ் போர்ட்னர் பரப்பிய '105 விதி' எளிமையானது. ரிம்மின் வெளி அகலம், டயரின் உண்மை அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். டயர் ரிம்மைவிடப் பிதுங்கி நின்றால், டயரைச் சுற்றி வரும் காற்று ரிம்மில் ஒட்டாமல் பிரிந்துபோகும். உயர ரிம்முக்குக் கொடுத்த காசு பாதி வீண். வெளி அகலம் 28 மி.மீ. உள்ள ரிம்முக்கு 26.7 மி.மீ. வரைதான் இந்த விதி இடம் கொடுக்கிறது, அதாவது 25 என்று அச்சடித்த டயர். 28 டயர் போட 30 மி.மீ. வெளி அகலமாவது வேண்டும்.

நம் சாலைகளில் 25-ல் ஓட்டி மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வதைவிட, 28 போட்டு ஓரிரு வாட்டை விட்டுக்கொடுப்பது நல்லது. புதிதாக வாங்குபவர் உள் அகலம் 21 முதல் 23, வெளி அகலம் 30 முதல் 31 என்று தேடினால் இந்தக் குழப்பமே வராது.

ஹூக் என்பது டயரின் பீட் பிடித்துக்கொள்ள ரிம்மின் உள்விளிம்பில் இருக்கும் சிறு மடிப்பு. ஹூக்லெஸ் ரிம்மில் அது கிடையாது. செய்வதற்குச் செலவு குறைவு என்பதால் மலிவு விலையில் அதிகம் தென்படும். அதில் டியூப்லெஸ் வகை டயர் மட்டுமே போடலாம், அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ-ஐத் தாண்டக் கூடாது, டயரின் பெயர் ரிம் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் யூஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து டயர் கழன்றது. கல்லில் இடித்ததால் என்று சொல்லப்பட்டாலும், 25 மி.மீ. உள் அகல ரிம்முக்கு 28 டயர் குறுகலா என்ற விவாதம் அங்கிருந்துதான் சூடு பிடித்தது. காற்றை அடித்துவிட்டு விரலால் அழுத்திப் பார்த்து 'இன்னும் கொஞ்சம்' என்று பம்பு பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஹூக் உள்ள ரிம்மையே வாங்குங்கள். 85 கிலோவுக்கு மேல் இருந்து 28 டயர் போடுபவர்களும் அப்படியே.

ஹப்: பேரிங் எண்ணைக் கேளுங்கள்

பட்ஜெட் சக்கரம் மூன்றாவது மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்வது ஹப்தான். 'செராமிக் பேரிங்' என்று எழுதியிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் பேரிங்குகளின் எண்களைக் கேளுங்கள். 6902 (15×28×7), 6903 (17×30×7), 6802 (15×24×5) என்று வந்தால் நிம்மதி. பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையைக் கேட்டு வாங்கலாம். 17287 போன்ற எண் (17×28×7) வந்தால், அது சைக்கிளுக்கென்றே வந்த அளவு. உள்ளூர்க் கடையில் கையை விரிப்பார்கள். அந்த ஹப்பை வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒரு செட் பேரிங்கையும் சேர்த்து வரவழையுங்கள்.

உள்ளே பற்றும் முறை இரண்டு. பால் (pawl) வகையில் சிறு நாக்குகள் ஸ்பிரிங்கில் எழுந்து பல்லில் மாட்டும். நோவாடெக், பைடெக்ஸ் ஹப்புகள் பலவற்றில் இதுதான். விலை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். ராட்செட் வகையில் இரண்டு பல் வளையங்கள் முகத்தோடு முகம் கடித்துக்கொள்ளும். டிடி ஸ்விஸ் 350-ல் இருப்பது இது. அந்த வடிவத்தைப் பின்பற்றிய ஹப்புகள் மலிவு ஜோடிகளிலும் வந்துவிட்டன. விலை வித்தியாசம் சிறிதென்றால் ராட்செட். பால் வகையானால் ஒரு எச்சரிக்கை: உள்ளே கெட்டியான கிரீஸை அப்பாதீர்கள். நாக்குகள் அதில் ஒட்டிக்கொண்டு எழ மறுக்கும், எழுந்து நின்று மிதிக்கும்போது 'டக்' என்று வழுக்கும். மெல்லிய ஆயிலோ இளகிய கிரீஸோ போதும்.

அலுமினிய ஃப்ரீஹப் பாடியில் எஃகுப் பல்சக்கரங்கள் வெட்டுத் தடம் போடும். ஒரு வருடம் கழித்துக் கேசட்டைக் கழற்ற முயன்றால் வராமல் அடம்பிடிக்கும். ஒரு பள்ளத்தில் மட்டும் எஃகுப் பட்டை பதித்த பாடி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்போக்கும் நிப்பிளும்

டிஸ்க் சக்கரத்தில் பிரேக்கின் முறுக்கு ஹப்பிலிருந்து ஸ்போக் வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது. அதனால் முன் சக்கரத்துக்கும் 24 ஸ்போக், இரு பக்கமும் குறுக்காகப் பின்னியது வேண்டும். 80 கிலோ வரை முன் பின் 24 போதும். 90-ஐத் தாண்டியவர்கள் பின்னால் 28 கேட்கலாம். கடையில் இல்லாவிட்டாலும் ஆர்டரின் பேரில் கட்டித் தரும் கம்பெனிகள் உண்டு.

சேப்பிம் சிஎக்ஸ்-ரே, பில்லர் 1420 போன்ற பட்டை ஸ்போக்குகள் நல்ல தேர்வு. பெயர் சொல்லாமல் 'ஏரோ ஸ்போக்' என்று மட்டும் இருந்தால் கேளுங்கள். தலை வளைந்த ஜே-பெண்ட் ஸ்போக் எடுக்கும் ஹப் நம் ஊருக்கு வசதி. ஸ்போக் ஒடிந்தால் நீளம் தெரிந்த மெக்கானிக் யாரும் தற்காலிகமாக ஒன்றைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கார்பன் ஸ்போக் சக்கரங்கள் 1,300 கிராம் பக்கம் இறங்குவதற்குக் காரணம் அந்த ஸ்போக்தான். ஆனால் ஒன்று உடைந்தால் அதே கம்பெனியிலிருந்து வரும்வரை சைக்கிள் நிற்கும். இன்னொரு ஜோடிச் சக்கரம் வீட்டில் இருப்பவருக்கு அது பரவாயில்லை.

ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டான நிப்பிள் ரிம்முக்கு வெளியே தெரிய வேண்டும். உள்ளே மறைந்திருந்தால் ஒரு சுற்று முறுக்கவும் டயரையும் டேப்பையும் உரிக்க வேண்டிவரும். கடலோர ஊர்களில் அலுமினிய நிப்பிள் உப்பில் அரித்து, திருப்பும்போது உதிரும். பித்தளைக்கு 30 கிராம் போல எடை கூடும். கூடட்டும்.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது

எலீட் வீல்ஸ், வின்ஸ்பேஸ், ஃபார்ஸ்போர்ட்ஸ், லைட் பைசிக்கிள், ஐகேன், யோலியோ, சூப்பர்டீம் ஆகியவை நேரடியாக விற்கும் சீன நிறுவனங்கள். பிரிட்டனின் ஹன்ட்டும் நேரடி விற்பனைதான். எஃகு ஸ்போக் போட்ட 50 மி.மீ. கார்பன் ஜோடி, வரிக்கு முன், சுமார் 400 டாலரில் தொடங்குகிறது. 600-ஐ நெருங்கும்போது ஹப்பும் ஸ்போக்கும் தேறும். 400-க்கும் கீழே பணம் இருந்தால், 30 முதல் 35 மி.மீ. உயர நல்ல அலுமினிய ஜோடியும் சிறந்த டயரும் வாங்குவது, பெயர் தெரியாத கார்பனைவிட மேல். பெரிய பிராண்டின் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்கு வருவதைத் தொடவே வேண்டாம். லோகோவைத் திருடியவர் வாரண்டி தரப்போவதில்லை.

விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்:

- எந்த ஹப், என்ன பேரிங் எண்கள், உதிரி ஃப்ரீஹப் பாடி என்ன விலை
- இரு பக்க ஸ்போக் நீளம், எத்தனை உதிரி ஸ்போக் தருவார்கள்
- எடை டேப், வால்வு சேர்த்தா, சேர்க்காமலா
- ஓட்டுபவர் எடை வரம்பு, அதிகபட்ச அழுத்தம், குறைந்தபட்ச டயர் அகலம்
- வாரண்டியில் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது

கடைசிக் கேள்விதான் முக்கியம். இரண்டு வருட வாரண்டி என்று போட்டிருப்பார்கள், திருப்பி அனுப்பும் செலவு சக்கரத்தின் விலையில் நல்ல பங்கைத் தின்றுவிடும். சுங்கத்துக்காக விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டி தொலைந்தால் அந்தக் குறைத்த விலைதான் இழப்பீடாக வரும். காற்றுச் சுரங்கச் சோதனை வரைபடத்தில் டயரின் பெயர், வேகம், காற்றின் கோணம் மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

பெட்டி வந்ததும்

பிரிப்பதை வீடியோ எடுங்கள். டயர் மாட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும், மாட்டியபின் திருப்பி எடுக்க மாட்டார்கள். வால்வு ஓட்டையிலும் ஸ்போக் ஓட்டைகளிலும் வெடிப்போ பிசிறோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தைக் குலுக்கினால் உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் காய்ந்த ரெசின் துணுக்கோ நிப்பிள் துணுக்கோதான். வால்வு ஓட்டை வழியாகத் தட்டி வெளியே எடுத்துவிடலாம்.

பிறகு பைக்கில் மாட்டி, ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் நுனியை ரிம்முக்கு அருகில் வைத்துச் சுற்றுங்கள். பக்கவாட்டு ஆட்டம் அரை மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஸ்போக்கை விரலால் மீட்டுங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்வு. முன் சக்கரத்தில் ரோட்டர் பக்கமும், பின் சக்கரத்தில் கேசட் பக்கமும் கூடுதல் இறுக்கமாக இருப்பது இயல்பு. அங்கே 100 முதல் 120 கிலோ விசை இருக்கலாம்.

மாட்டும்போது

டியூப்லெஸ் டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். ரிம்மை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று. 50 மி.மீ. ரிம்முக்கு 70 மி.மீ. வால்வு. 28 டயருக்கு 30 முதல் 40 மி.லி. சீலண்ட், நம் வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். டயரை ஏற்றும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடியுங்கள், பீட்டை ரிம்மின் நடுப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசி ஒரு சாண் தானே ஏறும். இரும்பு லீவர் கூடாது. ரிம்மிலும் டயரிலும் எழுதியுள்ள அழுத்த வரம்புகளில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள், பீட் உட்கார வேண்டும் என்பதற்காகக்கூட. ராத்திரியில் காற்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஸ்போக் ஓட்டையில் குமிழ் வந்தால் டேப்பில் கோளாறு, வால்வடியில் வந்தால் வால்வின் அடி ரப்பர் ரிம்மோடு பொருந்தவில்லை.

சென்டர் லாக் லாக்ரிங்கின் முறுக்கு 40 நியூட்டன் மீட்டர். கையால் 'நல்லா இறுக்கிட்டேன்' என்பது பெரும்பாலும் அதில் பாதிதான். ரோட்டரைத் துணி வைத்துப் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்டாலே பிரேக் கத்தும். புதுச் சக்கரத்தில் ரோட்டர் நிற்கும் இடம் கொஞ்சம் மாறியிருக்கும், உரசும். பிரேக் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடி மீண்டும் முறுக்குங்கள். பின் டிரெய்லியரின் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பாகம்) லிமிட் ஸ்குரூக்களையும் சரிபார்க்காமல் பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் ஸ்போக்குக்குள் பாயும், புதுச் சக்கரத்தில் முதல் நாளே நேரும் விபத்துகளில் இது பிரசித்தம்.

முதல் 200, 300 கி.மீ. ஓடியதும் ஸ்போக்குகள் தம் இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். கேபிள் டை சோதனையை மறுபடி செய்து, தேவையானால் நிப்பிளைக் கால் சுற்று அளவில் மட்டும் திருப்புங்கள். பட்டை ஸ்போக் முறுக்கிக்கொள்ளாமல் அதற்கான பிளவுக் கருவியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்க ஸ்போக் நீளத்தையும் பேரிங் எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, உதிரி ஸ்போக்குகளோடு சேர்த்து டூல் பெட்டியில் போட்டு வையுங்கள்.